திங்கட்கிழமை அட்டமி

என் மகள் மாடு பார்க்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கடந்த ஏழு வருடமாக இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் தப்புவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊன்ட்றொப் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் யாராவது ஓர் அக்கா பிடித்துக்கொள்வார்.

"மகள் இப்ப என்ன செய்யிறா?"

"அவுஸ்பில்டுங் முடிச்சு வேலை செய்யிறா அக்கா."

"என்ன தொழிற்பயிற்சி?"

"விவசாயம் சம்பந்தமா."

"ஓ, ஆராய்ச்சியோ?"

"ஓம், ஓம். அப்பிடித்தான்."

அம்பாள் சந்நிதியில் நின்றுகொண்டு இப்படிப் பச்சைப்பொய் சொன்னவள் நான். எசனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் பல் வைத்தியர். அக்கா என்னைக் கண்டதும் வாயைத் திறந்து காட்டிப் பல்லைப் பற்றித்தான் கதை தொடங்குவார். நான் எதைத் திறந்து காட்டுவது? எங்கள் வீட்டுப் பல்கனியில் தொங்கும், மகள் வேலைக்குப் போடுகிற ஜக்கெட்டையா? அந்த ஜக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுவரவே விடமாட்டேன். எத்தனை தரம் தோய்த்தாலும் மாட்டுக்கொட்டில் மணம் போகாது.

இவ்வளவுக்கும் அவள் படிக்காத பிள்ளையில்லை. மருத்துவத்துக்குப் போகக்கூடிய புள்ளிகள் எடுத்தவள். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மூன்று கிழமை வேலைப் பழக்கத்துக்கு என்று லிப்பே ஆற்றுப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனாள். மூன்று கிழமைக்குப் போனவளின் மனம் அங்கிருந்து திரும்பி வரவேயில்லை. நானும் என் மனுசனும் ஊரைவிட்டு ஹம் நகருக்கு வந்த நாளிலிருந்து, நான் முதியோர் இல்லத்துக் குசினியில், அவர் குழாய்த் தொழிற்சாலையில், இரவு பகல் பாராமல் முறிந்தது இவள் நாலரை மணிக்கு எழும்பி மாட்டு மடி கழுவுவதற்கா? கண்டறியாத வேலை!

"இஞ்சேரும், பிள்ளை சந்தோசமா இருக்கிறாளெல்லே. நீர் பேசாம இரும்" என்பார் என் மனுசன். அவருக்கென்ன, கோயிலில் ஆண்களை யாரும் இப்படிக் குடைவதில்லை.

போன வருடம் விசயம் முற்றிவிட்டது. அந்தப் பண்ணைக்காரருக்கு அறுபத்தாறு வயது. மனைவி இறந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். இருவரும் பெரிய நகரங்களில் கணினிக்கு முன்னால் இருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்து, பால் கறக்கும் இடத்துப் படி இறங்க ஏலாமல் போனதும், அவர் தன் சொந்தப் பிள்ளைகளைக் கேட்காமல் என் பிள்ளையைக் கேட்டிருக்கிறார். அறுபது மாடு, கொட்டில், புல்வெளி எல்லாவற்றையும் குத்தகைக்கு எடுத்துக்கொள், பண்ணை உன் பெயரில் நடக்கட்டும் என்று. மகள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் பார்த்த மாப்பிள்ளைகளில் ஒருவனுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலைக்காரியாக இருந்தால் என்றாவது ஒருநாள் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். குத்தகை எடுத்தால் அதோடு சரி, ஆயுளுக்கும் மாடுதான்.

அந்தக் குத்தகையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் பால் அளவு என்கிற கோதாரி. முன்பு ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவு பால்தான் கறக்கலாம் என்று அரசாங்கமே அளவு வைத்திருந்ததாம். அதை எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. எடுத்ததும் விலை தலைகுப்புற விழுந்ததால், மகளின் பண்ணை பால் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் தன் அங்கத்தவர்களுக்குத் தானே ஓர் அளவு போட்டது. அளவுக்குள் வரும் பாலுக்கு உறுதியான விலை. அளவுக்கு மேலே போனால் உலகச் சந்தை என்ன தருகிறதோ அதுதான். இப்போது அந்த அளவையும் வைத்திருப்பதா, விடுவதா என்று சங்கத்தில் பெரிய இழுபறி.

இதையெல்லாம் மகள் காரில் வைத்து எனக்கு விளக்கினாள். "அளவுக்கு மேல போற பாலைப் பவுடராக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவினம் அம்மா. அது அடிமாட்டு விலை."

"என்ன விசர்க்கதை இது? உன்ர சின்னம்மா யாழ்ப்பாணத்தில ஒரு பால்மாப் பக்கெற்றுக்கு விடிய விடிய வரிசையில நிண்டவள். இஞ்ச பால் கூடிப்போச்சு எண்டு அழுறாங்களோ?"

"அதுதான் அம்மா பிரச்சினை."

"எது பிரச்சினை?"

அவளுக்கும் விளக்கத் தெரியவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பிறகு அவள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றித் தொடங்கினாள். நான் மலிவுக் கடையில் ஆக மலிவான பால் பெட்டி வாங்குகிறேனாம். "நீங்களே இப்பிடி வாங்கினா நாங்கள் எப்பிடிச் சீவிக்கிறது?" என்று கேட்டாள். நாங்கள் என்றாள், கவனியுங்கள். பெற்ற தாய் ஒரு பக்கம், இவளும் பண்ணைக்காரர்களும் மறு பக்கம்.

அவள் அப்படிக் காரில் ஏற்றிக்கொண்டு போனது பண்ணைக்காரரின் வீட்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோப்பிக்கு எங்களையும் அழைத்திருந்தார். என் மனுசனுக்கு அன்று வேலை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று நான் உழுந்துவடை சுட்டுக்கொண்டு போனேன். அங்கே பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவர் ஏற்கெனவே மேசையில் இருந்தார்கள். ஒருவர் புதிதாகப் பெரிய கொட்டில் கட்டியவர், உயரமான மனிதர். மற்றது என் வயதுப் பெண் ஒருவர்; நாற்பது மாடு வைத்திருக்கிறாராம். கேக்கை வெட்டியதுதான் தாமதம், சண்டை தொடங்கிவிட்டது.

கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நாடு சீசுக்கு வரி ஏற்றப்போகிறதாம். இன்னொரு பக்கத்திலிருந்து மலிவுப் பால்பொருட்கள் வரப்போகிறதாம். உயரமானவர் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னார்: "இனிமேல் பெரிதாகச் செய்கிறவன்தான் பிழைப்பான். இந்த அளவு என் காலில் கட்டின கயிறு. அறுத்துவிடுங்கள், முடிந்தவன் ஓடட்டும்."

"அரசாங்கம் அறுத்துவிட்டபோது என் அண்ணன் எங்கே ஓடினார் தெரியும்தானே?" என்று அந்தப் பெண் கேட்டார். "கொட்டிலைப் பூட்டிவிட்டு லொறி ஓட்டப் போனார். கடையில் தண்ணீர்ப் போத்தல் எங்கள் பாலைவிட விலையாக இருந்தது. அதை மறந்துபோனாயா?"

"அதற்காகக் காலம் முழுக்க அளந்து அளந்து கறப்பதா?"

"உன் கொட்டிலின் கடனுக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும்?"

எங்கள் ஆட்கள் சீதனம் பேசுகிற மாதிரி இருந்தது. ஒருவர் ஏற்றுகிறார், ஒருவர் இறக்குகிறார், நடுவில் யாராவது கோபித்துக்கொண்டு எழும்புகிறார். ஆனால் வெளியே போவதில்லை. உயரமானவர் இத்தனை கோபத்திலும் என் வடையில் ஐந்தை முடித்துவிட்டார். ஆறாவதை எடுக்கும்போது "இது என்ன?" என்று கேட்டார்.

எங்கள் பண்ணைக்காரர் (எங்கள் என்று எனக்கும் வாயில் வந்துவிட்டது, பாருங்கள்) அதிகம் பேசவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். கடைசியாக என்னைப் பார்த்து, எனக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னார்: சங்கத்துக் கூட்டம் இந்த மாத முடிவில் நடக்கும். பழையவர்களின் அளவை விட்டுவைத்தாலும், அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு அளவு கிடைக்காது என்றுதான் பேச்சு அடிபடுகிறது. கூட்டத்துக்கு முன் கையெழுத்து வைத்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால் அவருடைய அளவு முழுதாக என் மகளுக்குப் போகும். அது இல்லாமல் பண்ணையை எடுப்பதில் பிரயோசனம் இல்லை, வங்கியும் திரும்பிப் பார்க்காது. எட்டு நாள் கழித்து வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் தெர்மின், அதாவது நேரம், எடுத்திருக்கிறார்.

"உங்கள் மகளைப்போல மாடு தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை" என்றார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் ஒருவரின் வீட்டில், அவரின் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம் என்பது? எங்களுக்கு அது வராது. "கேக் நல்லாயிருக்கு" என்றேன். அவர் சந்தோசப்பட்டு இன்னொரு துண்டு வைத்தார். அதையும் சாப்பிட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அந்தக் கிழமை முழுக்க நான் பொரிந்து தள்ளினேன். அழுதும் பார்த்தேன். சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன்; அரை நாளுக்கு மேல் ஏலவில்லை. மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையால் வந்து, குளித்து, எனக்குப் பக்கத்தில் இருந்து நான் ஏசுவதைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போவாள். நாலரைக்கு எழும்ப வேண்டுமே. எதிர்த்துப் பேசினாலாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது கேட்டாள். "அம்மா, திங்கட்கிழமை நீங்களும் வாங்கோ. சைன் வைக்கேக்க நீங்கள் பக்கத்தில நிக்க வேணும்."

அந்த நேரத்தில் என் வாயில் எது வந்ததென்று நினைக்கிறீர்கள்?

"திங்கட்கிழமை அட்டமியடி. அட்டமியில போய்ச் சைன் வைக்கிறதே? நல்ல காரியம் தொடங்குற நாளே அது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அட்டமி இல்லை. அட்டமிக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. நான் வாராவாரம் விரதம் பிடிக்கிறவள். நாள் கோள் எனக்குத் தண்ணிபட்ட பாடு. தெரிந்துகொண்டுதான் சொன்னேன். நாலு நாள் கிடைத்தால் போதும், எப்படியாவது இவளின் மனதைக் கரைத்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு.

மகள் கரண்டியைச் சோற்றுப் பானையில் வைத்தாள். "அப்ப எப்ப நல்ல நாள்?"

"வெள்ளிக்கிழமை" என்றேன். "வெள்ளி காலமை நல்லாயிருக்கு."

"சரி அம்மா. கேட்டுப் பாக்கிறன்."

என் மனுசன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். மற்ற நேரம் எல்லாம் என்னைப் பேசாமல் இரு என்கிறவர், பேசவேண்டிய இடத்தில் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

பண்ணைக்காரர் மறுக்கவில்லையாம். "உன் அம்மாவின் சமயத்தில் ஒரு முறை இருந்தால் அதை நாம் மதிக்க வேண்டும். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. நாற்பது வருடம் பொறுத்தவன் நாலு நாள் பொறுக்க மாட்டேனா?" என்று சிரித்திருக்கிறார். தெர்மின் வெள்ளிக்கிழமைக்கு மாறியது.

திங்கள் போனது. செவ்வாய் போனது. நான் கரைத்துக்கொண்டே இருந்தேன். எசன் அக்காவிடம் விசாரித்து, பால் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வெள்ளைக் கோட்டு போட்டுச் செய்கிற வேலை ஒன்றையும் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பாலும் ஆச்சு, மாடும் இல்லை. மகள் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை நான் வேலையில் நின்றேன். நாற்பது பேருக்குக் கட்டித் தயிர் கிண்ணங்களில் நிரப்பிக்கொண்டிருக்கும்போது குசினி வானொலி செய்தி சொன்னது. கடலுக்கு அப்பாலுள்ள அந்த நாடு வரியை ஏற்றியே விட்டதாம். வழக்கம்போல அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தயிரை நிரப்பினேன். வீட்டுக்கு வந்தபோது மகள் பல்கனியில் நின்றாள். வேலைநேரத்தில் அவள் வீட்டில் நின்றதே கிடையாது.

"விண்ணப்பம் எடுக்கிறத நிப்பாட்டிட்டினம் அம்மா."

"ஆர்?"

"சங்கம். வரி ஏத்தினபடியால் விலை விழுமெண்டு பயந்து இண்டைக்கு மத்தியானத்தோட எல்லாத்தையும் நிப்பாட்டிட்டினம். கூட்டம் முடியும் வரைக்கும் ஒருத்தருக்கும் அளவை மாத்திக் குடுக்கேலாதாம்."

"அப்ப கூட்டத்துக்குப் பிறகு?"

"பிறகு பாப்பம்" என்றாள். குரலில் ஒரு பிசகும் இல்லை. அவள் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், எவ்வளவு அடிபட்டாலும் அழமாட்டாள்.

நான் விரும்பியது நடந்துவிட்டது. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். சந்தோசப்பட வேண்டியவள் சீனியைப் போட மறந்து இரண்டு கோப்பையையும் கொட்டினேன்.

கூட்டத்தில் எல்லோரும் பயந்த மாதிரியே முடிந்தது. பழையவர்களின் அளவு அப்படியே இருக்கும், புதியவர்களுக்குக் கிடையாது. அந்த நாற்பது மாட்டுப் பெண்ணும் உயரமானவரும் கடைசியில் ஒரே பக்கம் கை தூக்கினார்களாம். ஒருவர் காலில் கயிறு என்றார், மற்றவர் அதை விட்டால் செத்தோம் என்றார். தங்களுடையது தங்களுக்கு என்றதும் இருவரும் ஒன்று. யாரைக் குறை சொல்வது? நான் என்னத்தைச் செய்தேன், எனக்குத் தெரியாதா?

பண்ணைக்காரர் இன்னும் கொஞ்ச நாள் தன் பெயரிலேயே இழுத்துப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அளவு இல்லாத என் மகளுக்கு வங்கி ஒரு பக்கக் கடிதத்தில் இல்லை என்று சொன்னது. தை மாதம் மாடுகளை விற்பதென்று முடிவாகியது.

மாடு ஏற்றுகிற அன்று நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்க ஏலவில்லை. மகள் அறுபதையும் தானே ஏற்றினாள். லொறிக்காரன் தடியோடு கிட்ட வந்தபோது அவனை ஒரு அதட்டு அதட்டி அப்பால் நிற்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட, அது அது அவள் பின்னாலேயே ஏறிப்போனது. ஒரு கிழட்டு மாடு பலகையில் கால் வைக்க மறுத்து நின்றது. அவள் அதன் காதுக்குப் பக்கத்தில் என்னவோ சொன்னாள். தமிழில்தான் சொன்னாள், எனக்குக் கேட்டது. "வா மோனை, வா, ஒண்டுமில்லை." நான் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்லுவது அது.

எங்கள் பிள்ளை இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏழு வருடத்தில் ஒருநாள்கூட அவள் வேலை செய்வதை நான் நின்று பார்த்ததில்லை.

லொறி போனதும் பண்ணைக்காரர் ஊன்றுகோலோடு என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்ளக் கூடாது. அது உங்கள் நம்பிக்கை. நான்தான் முதல் கிழமையே விண்ணப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும், சோம்பல்பட்டுவிட்டேன்." மனைவியும் போய், மாடும் போய், வெறுங்கொட்டிலுக்கு முன்னால் நிற்கிற மனிதர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? எனக்கு என்மேல் வந்த எரிச்சலுக்கு அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன்.

காரில் ஏறினோம். மகள் ஓட்டினாள். அந்த நாறல் ஜக்கெட்டைக் கழற்றவில்லை, நானும் கழற்று என்று சொல்லவில்லை. கால்வாய்ப் பாலம் தாண்டும் மட்டும் பொறுத்தேன். அதற்கு மேல் ஏலவில்லை.

"பிள்ளை, அண்டைக்குத் திங்கட்கிழமை அட்டமி இல்லை."

"தெரியும் அம்மா."

"என்னெண்டு தெரியும்?"

"நீங்கள் சொன்ன உடனேயே போனில பாத்தனான்."

"அப்ப ஏன் மோனை ஓமெண்டு சொன்னனி?"

அவள் சைகை விளக்கில் நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்கள் அழுதுகொண்டு நிக்க எனக்குச் சைன் வைக்க விருப்பமில்லை. நாலு நாள் விட்டா வெள்ளிக்கிழமை நீங்களா மனம் வந்து வருவியள் எண்டு நினைச்சன்."

விளக்குப் பச்சையாகியது. கார் புறப்பட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமைக்கும் நான் ஒரு கரிநாளைத் தயாராக வைத்திருந்தேன்.